கொடிக்கம்பமும் மணிக்கூண்டும் – கடிதம்

வணக்கம்.

லெஸ்டரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். 2025 ஆகஸ்டில் பக்கத்துத் தெருவின் விளக்குக் கம்பங்களில் இங்கிலாந்துக் கொடியை, அதாவது செயின்ட் ஜார்ஜ் கொடியைக் கட்டினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து என் ஒன்பது வயது மகள், “இங்கிலீஷ்காரங்கன்னா யாரு, நாமளும் அதுல சேர்த்தியா?” என்று கேட்கிறாள். ஆபீசில் விசாரித்தால் டீ, மீன் வறுவல், மழை என்று சிரிக்கிறார்கள். டீ சீனாவுடையது. வறுத்த மீன் யூதர்கள் கொண்டுவந்தது. ஜார்ஜ் இங்கிலாந்துக்காரரே இல்லை. இவர்களுக்கென்று சொந்தமாக ஏதாவது உண்டா? மகளுக்கு என்ன பதில் சொல்ல?

கே.

அன்புள்ள கே.,

கொஞ்ச நாளாகவே மனதில் மணிகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன, அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். அதனால் கொடியைப் பற்றி என்னிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கட்டியவர்கள் எந்த மனதோடு கட்டினார்கள் என்பது அந்தத் தெருவில் நடக்கிற உங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் வெளியிலிருந்து வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு “மிச்சம் என்ன?” என்று கேட்கிறீர்களே, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மிளகாயைக் காட்டி உங்கள் அம்மா வைக்கும் குழம்பை யாராவது போர்த்துக்கீசியக் குழம்பு என்றால் சும்மா விடுவீர்களா?

பன்னிரண்டு வருடத்தில் ஞாயிறு காலை மணிச்சத்தம் காதில் விழவே இல்லையா? சர்ச் மணி எல்லா நாட்டிலும் உண்டு, ஆனால் இங்கிலாந்தில் அடிப்பதுபோல வேறெங்கும் பெரிதாக அடிப்பதில்லை. மணியை முழுச் சக்கரத்தில் பூட்டி, வாய் மேலே பார்க்க நிறுத்தி, கயிற்றை இழுத்து முழு வட்டமாகச் சுழற்றுவார்கள். அரை டன் எடை அப்படிச் சுழலும்போது கொஞ்சம் பிந்தலாம், கொஞ்சம் முந்தலாம், அதற்கு மேல் அது சொன்னபடி கேட்காது, ஆகவே மெட்டு வாசிக்க வழியில்லை. அதனால் மெட்டை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். மணிகள் பக்கத்து மணியோடு இடம் மாறிக்கொண்டே போகும், ஒருமுறை வந்த வரிசை திரும்ப வரக் கூடாது. ஆறு மணிகள் இருந்தால் 720 வரிசை, ஏழு என்றால் 5,040, எட்டு என்றால் 40,320. உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் லஃப்பரோவில், மணி வார்க்கும் ஆலையின் கோபுரத்தில், 1963இல் எட்டுப் பேர் ஆள் மாற்றாமல் அந்த 40,320 வரிசையையும் முழுக்க அடித்து முடித்தார்கள். ஏறக்குறைய பதினெட்டு மணி நேரம். கையில் தாள் கிடையாது, எல்லாம் மனப்பாடம்.

இது எங்கிருந்து முளைத்தது என்பதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. கத்தோலிக்க இங்கிலாந்தில் கல்லறைத் திருநாளுக்கு முந்தைய இரவு விடிய விடிய மணி அடிப்பார்கள், மோட்சம் போகுமுன் பாவம் தீர வேதனைப்படும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் தவிக்கும் ஆத்துமாக்களுக்காக. 1534இல் எட்டாம் ஹென்றி போப்பை விட்டுப் பிரிந்தார். அவர் மகன் காலத்தில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் முற்றி, உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்றாயிற்று. கோயில் சுவரிலிருந்த படங்களைச் சுண்ணாம்பு பூசி மறைத்தார்கள். ஸ்ட்ராட்ஃபர்டில் சில வருடம் கழித்துப் படங்களைச் சிதைத்த கூலி இரண்டு ஷில்லிங் என்று ஊர்க் கணக்கில் இருக்கிறது, அந்தக் கணக்கை ஒப்படைத்தவர்களில் ஒருவர் ஷேக்ஸ்பியரின் அப்பா. மணிகளில் நிறைய கோபுரத்திலேயே தங்கிவிட்டன, ஆனால் செத்தவர்களுக்காக அடிக்கும் வேலை போய்விட்டது. சும்மா தொங்கிய அந்த மணிகளை ஊர் இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். போட்டி, பந்தயம், பீர். 1637இல் லண்டனில் சங்கமே வைத்துவிட்டார்கள், 1668இல் இதைப் பற்றி முதல் புத்தகம் வந்தது. பல ஊர்களில் பாதிரிக்கும் இவர்களுக்கும் ஆகவே ஆகாது. வழிபாட்டிலிருந்து கழன்றுவிட்ட ஒன்றைக் கைவிட மனமில்லாமல், அதே கோபுரத்தில், அதே கயிற்றில், வேறொன்றாக வளர்த்தெடுத்திருக்கிறார்கள் பாருங்கள், ‘சொந்தமாக என்ன’ என்று கேட்டீர்களே, இதைவிடச் சொந்தமாக என்ன வேண்டும்?

சஃபக்கில் ஒரு கிராமத்துப் பயிற்சிக்கு நண்பர் கூட்டிப்போனார். ஒரு பஸ் டிரைவர், ஒரு பள்ளி மாணவி, மூட்டுவலியோடு படியேறிய ஒரு பாட்டி. அந்தப் பாட்டிதான் தலைவி. கயிற்றில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகக் கம்பளி சுற்றிய பிடி, அது சர்ரென்று மேலே போகும்போது விட்டுவிட வேண்டும், விடாவிட்டால் ஆளையும் தூக்கிக்கொண்டு போகும். என் கையைப் பிடித்துக்கொண்டே, “மேலே பார்க்காதே, மேலே பார்க்காதே” என்று அதட்டினார். அப்புறம் பேச்சுவாக்கில், தனக்குக் கடவுள் நம்பிக்கை போய் வெகுநாள் ஆகிறது என்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறமாட்டாராம். சிறுவயதில், 1940 ஜூனில், எதிரி வந்திறங்கினால் மட்டுமே அடிக்க வேண்டும் என்று அரசு மணிகளை நிறுத்தியதையும், எகிப்தில் நடந்த எல் அலமெய்ன் போரின் வெற்றிக்காக 1942 நவம்பரில் ஒருநாள் அடிக்கவிட்டபோது அவருடைய அப்பா கயிற்றைப் பிடித்தபடி அழுததையும் சொன்னார். இதையெல்லாம் ஆபீசில் டீ குடித்துக்கொண்டே ஒரு வரியில் சொல்லச் சொன்னால் யாரால் முடியும்? நீங்கள் கேட்ட இடமே தப்பு.

சரி, மகள். அவள் சேர்த்தியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? லெஸ்டரில் எந்தக் கோபுரத்தில் என்றைக்குப் பயிற்சி என்று விசாரித்து, அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் வாரத்தில் ஒரு மாலை இருக்கும், நீங்கள் எந்த மதம் என்று கேட்கமாட்டார்கள், கற்றுக்கொள்ள ஆள் வந்தால் அவர்களுக்குச் சந்தோஷம்தான். உயரம் போதாவிட்டால் காலுக்கடியில் பெட்டி போட்டுத் தருவார்கள். நீங்களும் ஒரு கயிற்றைப் பிடியுங்கள், ஓரமாக நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். போய்வந்து எழுதுங்கள், அவள் அங்கே என்ன கேட்டாள் என்பதையும் சேர்த்து.