பெர்லினுக்குப் பயந்து ரூய் லோபஸை விட வேண்டாம்

நண்பரே, சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களோடு ரூய் லோபஸ் (மூன்றாவது நகர்வில் பிஷப்பை பி5-க்குக் கொண்டுபோகும் தொடக்கம்) ஆடினால் எதிராளி மூன்றாவது நகர்விலேயே குதிரையை எஃப்6-இல் வைக்கிறார் (இதுதான் பெர்லின் தற்காப்பு), எட்டாவது நகர்வில் ராணிகள் போய்விடுகின்றன, பிறகு ஆட்டம் டிராதான், ஓப்பனிங்கையே மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். 2000-இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப் மேட்சில் கிராம்னிக்கின் இதே பெர்லினை காஸ்பரோவாலேயே உடைக்க முடியவில்லை. பெர்லின் வந்தது நான்கு ஆட்டம், நான்கும் டிரா.

அதற்காக ராணிகள் போன பிறகு வருவது செத்த நிலை இல்லை. ராஜா பக்கம் உங்களுக்கு நான்கு சிப்பாய், அவருக்கு மூன்று. அவருடைய கூடுதல் சிப்பாய் சி வரிசையில் இரட்டையாக முடங்கிக் கிடக்கிறது. காய்களெல்லாம் வெட்டுப்பட்டு சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் பெரும்பாலும் வெள்ளைக்குத்தான் வெற்றி. அதனால் காய்களை மாற்றுங்கள், முக்கியமாக அவருடைய இரண்டு பிஷப்பில் ஒன்றை. அவசரப்பட்டு ஜி4 தள்ளாதீர்கள்; அவர் எச்5 என்று இடித்தால் உங்கள் ராஜா பக்கமே ஆட்டம் கண்டுவிடும். 2014 சோச்சி உலக சாம்பியன்ஷிப் மேட்சின் 11-ஆவது ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். கார்ல்சனுக்கு எதிராகக் கறுப்பில் ஆனந்த் பி5 தள்ளி அருமையாகத்தான் வந்தார். பிறகு பி4-இல் யானையைப் பலி கொடுத்தார், மேட்சும் அதோடு முடிந்தது. இன்றும் வயிறெரியும் ஆட்டம்.

ராணியில்லாத ஆட்டமே பிடிக்காதென்றால் நான்காவது நகர்வில் காஸ்லிங்குக்கு (ராஜாவை ஓரமாக நகர்த்தி யானையை அவர் பக்கத்தில் வைப்பது) பதில் டி3 ஆடுங்கள். எல்லாக் காய்களும் பலகையிலேயே இருக்கும். ஒரே எச்சரிக்கை: அவர் சி6 குதிரையை ஈ7-க்கு இழுத்தால் ஈ5 சிப்பாய் சும்மா கிடப்பது போலத் தெரியும். குதிரையால் எடுத்தால் அவர் சிப்பாயை சி6-க்குத் தள்ளி உங்கள் பிஷப்பைத் தாக்குவார். பிஷப்பை நகர்த்தினீர்களோ, அவர் ராணி ஏ5-இல் செக், உங்கள் குதிரை காலி.