இரண்டாவது பாட்டரி வாங்கலாமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் தரைத்தள வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். 2023 மிக்ஜாம் புயலில் மின்சாரம் இல்லாமல் தவித்துப்போனோம். இந்த மழைக்காலத்துக்குள் பெரிய இன்வெர்ட்டரும் இரண்டு பாட்டரியும் போட்டுவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். வாங்கலாமா? அல்லது ஜெனரேட்டர் நல்லதா?

பதில்: ஒரு பாட்டரி போதும். இரண்டாவதற்கு எடுத்துவைத்த பணத்தில் மின்விசிறிகளை மாற்றுங்கள்.

12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பாட்டரி என்றால் கணக்குப்படி 1,800 வாட்-மணி. சேதாரம் போக, பாட்டரியை அடியோடு வற்றவிடாமல் பார்த்தால், உங்களுக்குக் கிடைப்பது சுமார் 1,100. பழைய விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். இரண்டு விசிறியும் இரண்டு எல்.இ.டி. பல்பும் போட்டால் ஆறு மணி நேரத்தில் தீர்ந்தது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளாக இருந்தால் அதே பாட்டரி பதின்மூன்று மணி நேரம் தாங்கும். மின்கட்டணமும் குறையும். வீட்டைக் காலி செய்யும்போது விசிறிகளைக் கழற்றிக்கொண்டும் போகலாம்.

ஆனால் எத்தனை பாட்டரி வைத்தாலும் மின்சாரம் வந்தால்தானே அவை மறுபடி ஏறும்? நகரின் பல தெருக்களில் மின்கம்பி நிலத்தடியில் ஓடுகிறது. வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் தெருவோர பில்லர் பெட்டிக்குள் தண்ணீர் புகும் நிலை வந்தால் மின்வாரியமே இணைப்பைத் துண்டித்துவிடும். நீர் வடிந்த பிறகுதான் தரும். ஆகவே பாட்டரியை ஓர் இரவுக்கான ஏற்பாடாக மட்டும் எண்ணுங்கள். தெருவில் தண்ணீர் ஏறும் முன்பே அம்மாவை மேட்டுப்பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. முழங்கால் நீரில் வயதானவரைத் தூக்கிச் செல்வது பெரும்பாடு.

வாங்கும்போது, ‘60 மாத உத்தரவாதம்’ என்று சொன்னால் அதைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது 36+24 என்று இருக்கும்: முதல் 36 மாதத்துக்குத்தான் இலவச மாற்று, மீதிக்கு விலையில் தள்ளுபடி மட்டுமே. உத்தரவாத அட்டையில் பாட்டரியின் வரிசை எண், தேதி, கடை முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். வெகுநாள் கடையில் கிடந்த சரக்கு வேண்டாம். தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். மூழ்கிய பாட்டரிக்கு உத்தரவாதத்தை எதிர்பார்க்காதீர்கள். ஐம்பது, அறுபது கிலோ எடையைக் கடைசி நேரத்தில் யார் தூக்குவது? போன வெள்ளத்தின் கறை சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு மேல் இரும்புத் தாங்கி அடித்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

இன்சுலினுக்காகக் குளிர்பதனப் பெட்டியை இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் குப்பியை வெயிலும் சூடும் படாமல் வெளியில் வைத்து ஏறக்குறைய நான்கு வாரம் பயன்படுத்தலாம். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்பது உள்ளே மடித்து வைத்த தாளில் இருக்கும். பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தால்தான் ஆபத்து. ஒருமுறை உறைந்துவிட்டால் அது வீண்.

ஜெனரேட்டர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அடுக்குமாடி பால்கனியிலோ மூடிய கார் நிறுத்தத்திலோ அதை ஓட்டினால் வரும் புகை ஆளைக் கொல்லும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், 5,000 எம்.ஏ.எச். செல்பேசியை ஒன்றரை முறைகூட நிரப்பவில்லை. ஏமாற்றா?

பதில்: இல்லை. 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் அளவு. அது 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது ஏறக்குறைய 6,000 ஆகிவிடும். இந்த உண்மையான அளவைப் பின்புறம் எறும்பளவு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்குங்கள். பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர முத்திரை இல்லாததைத் தொட வேண்டாம். கூடவே கொஞ்சம் ரொக்கமும் வீட்டில் இருக்கட்டும். செல்பேசி கோபுரம் படுத்துவிட்டால் யு.பி.ஐ. கொண்டு பால் பாக்கெட்டுகூட வாங்க முடியாது.

கேள்வி: வெள்ளம் வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்துகிறார்கள். காப்பீடு இருக்கும்போது அது தேவையா?

பதில்: மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் உங்கள் காருக்கு ஒரு ரூபாயும் வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், நீர் புகுந்த இன்ஜினைச் சாவி போட்டுக் கெடுத்துக்கொண்டால் பொதுவாகத் தர மாட்டார்கள். அதற்கு ‘இன்ஜின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் பிரிவை பாலிசி புதுப்பிக்கும்போதே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கார் மூழ்கிவிட்டால் இயக்கிப் பார்க்காமல் படம் எடுத்து, நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு, இழுவை வண்டியில் பணிமனைக்கு அனுப்புங்கள்.