கரண்ட்டை சலுகை விலைக்கு வாங்க எத்தனை வேலைன்னு எழுதிக் கொடுக்கிறது?

அமெரிக்காவுல நியூயார்க் மாநிலம், பஃபலோ பக்கத்துல டோனவாண்டாவுல பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட் வெச்சிருக்கிற நம்ம ஆளு ஒருத்தர் கேட்டிருக்கார். இப்போ 44 பேர் வேலை பாக்குறாங்க, பீக் டிமாண்ட், அதாவது ஒரே நேரத்துல உச்சமா இழுக்குற கரண்ட், 650 கிலோவாட் பக்கம். புது மெஷின் போட்டா இன்னொரு 300 கிலோவாட் ஏறும், 12 பேரை புதுசா எடுக்கணும். இத்தனை வேலை குடுக்குறோம்னு எழுதிக் கொடுத்தா நயாகரா கரண்ட் சீப்பா கிடைக்கும்னு கேள்விப்பட்டிருக்கார். அது உண்மையா, 12க்கு பதிலா ஒரு 26 பேர்னு போட்டு மொத்தம் 70ன்னு காட்டினா சீக்கிரம் கிடைக்குமா, சிரக்யூஸ்ல இருக்கிற சின்ன யூனிட்டை மூடி அந்த ஆளுங்களை இங்க கொண்டு வந்தா அதுவும் புது வேலையா கணக்காகுமா, அப்புறம் நயாகரா ஃபால்ஸ்ல மச்சான் மோட்டல் வெச்சிருக்கார் அவரும் போடலாமா, இதான் கேள்விங்க.

கிடைக்கும், உண்மைதான். ஆனா 70ன்னு மட்டும் எழுதிடாதீங்க, அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல எந்த கரண்ட்னு பாத்துருவோம், ஏன்னா உங்க ஏரியாவுல ஒண்ணு இல்ல, ரெண்டு மூணு திட்டம் இருக்கு, எல்லாத்தையும் நடத்துறது நியூயார்க் பவர் அத்தாரிட்டி, அங்க எல்லாரும் நைபான்னு சொல்லுவாங்க. நயாகரா ஆத்தோரமா ஷோல்காப்ஃப்னு ஒரு பழைய பவர் ஸ்டேஷன் இருந்துச்சு. 1956 ஜூன் 7ஆம் தேதி பின்னாடி இருந்த பாறைச்சுவர்ல தண்ணி கசிஞ்சு, பாதிக்கு மேல இடிஞ்சு ஆத்துக்குள்ள விழுந்துடுச்சு. அந்த கரண்ட்டை நம்பித்தான் சுத்தி இருந்த கெமிக்கல், மெட்டல் கம்பெனிங்க எல்லாம் ஓடிட்டு இருந்துச்சு. அடுத்த வருஷமே அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு புது நயாகரா பிளான்ட்டுக்கு அனுமதி குடுத்துச்சு, 1961ல அது ஓட ஆரம்பிச்சுது. இடிஞ்சு போனதுக்கு ஈடா 445 மெகாவாட்டை அந்த ஏரியா தொழிலுக்குன்னே ஒதுக்கினாங்க, அதனாலதான் அதுக்கு பேரு ரீப்ளேஸ்மென்ட் பவர். அதோட எக்ஸ்பான்ஷன் பவர்னு இன்னொரு 250 மெகாவாட். இந்த ரெண்டும் பிளான்ட்டுல இருந்து 30 மைலுக்குள்ள இருக்கிற கம்பெனிக்கு, எக்ஸ்பான்ஷன் மட்டும் சட்டாக்வா கவுன்ட்டிக்கும் போகும். டோனவாண்டா அந்த 30 மைலுக்குள்ள சௌகரியமா வருது, அது உங்க அதிர்ஷ்டம், ராச்செஸ்டர்ல இருந்தீங்கன்னா இந்த கதவே கிடையாது.

மாநிலம் முழுக்க இருக்கிறது ரீசார்ஜ் நியூயார்க். 2011ல சட்டம் வந்து 2012 ஜூலையில கரண்ட் போக ஆரம்பிச்சுது. மொத்தம் 910 மெகாவாட், அதுல சரிபாதி 455 நயாகரா, செயின்ட் லாரன்ஸ் தண்ணி கரண்ட், மிச்ச 455 நைபா வெளி மார்க்கெட்ல வாங்கித் தர்றது. இந்த தண்ணி கரண்ட் பாதி வானத்துல இருந்து வரல, அதுக்கு முன்னாடி நியூயார்க் சிட்டிக்கு வடக்கே இருக்கிற மேல்மாநில வீடுகளுக்கும் விவசாயத்துக்கும் போயிட்டிருந்ததைத்தான் எடுத்து கம்பெனிங்களுக்கு திருப்பினாங்க, அதுக்கு ஈடா வீட்டு பில்லுல தள்ளுபடின்னு முதல் மூணு வருஷம் வருஷத்துக்கு 10 கோடி டாலர் ஒதுக்கி அப்புறம் படிப்படியா குறைச்சாங்க. உங்க பக்கத்து வீட்டுக்காரர் பில்லுல இருந்து கொஞ்சம் நகந்து வந்த கரண்ட் இது, அதனாலதான் வேலை எங்கன்னு இவ்வளவு கறாரா கேக்குறாங்கன்னு நான் நெனக்கிறேன், கேக்கவும் வேணும்.

உங்க கேஸ்ல ரெண்டையும் பிரிச்சு யோசிங்க. புது மெஷினோட 300 கிலோவாட்டுக்கு ரீப்ளேஸ்மென்ட் இல்லன்னா எக்ஸ்பான்ஷன் பவர் கேளுங்க, அது விரிவாக்கத்துக்குன்னே இருக்கிறது. ஏற்கனவே ஓடுற 650க்கு ரீசார்ஜ்ல, இருக்கிற வேலையை காப்பாத்துறோம்ங்கிற வகையில கேளுங்க. அந்த வகையில கேட்டதை முழுசா தர மாட்டாங்க, பொதுவா பாதி மாதிரி எதிர்பாருங்க. ரீசார்ஜ்ல இன்னொரு விஷயம், அந்த மார்க்கெட் பாதி வேண்டாம், தண்ணி பாதி மட்டும் போதும்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. மார்க்கெட் பாதியில பெரிய லாபம் இல்லாத காலமும் வரும், உங்க இப்போதைய சப்ளையரோட விலையை பக்கத்துல வெச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, குடுக்குறாங்களேன்னு வாங்கிக்காதீங்க.

இப்போ ஒரு சின்ன குழப்பத்தை தீர்த்துடுறேன். நம்ம தமிழ்நாட்டுல மைக்ரோ யூனிட்டுக்கு எல்டி (தாழ்வழுத்த) கரண்ட் பில்லுல 20 சதவீதம் 36 மாசத்துக்கு மானியமா திருப்பித் தருவாங்கல்ல, நீங்க முழு பில்லை கட்டிட்டு மாவட்ட தொழில் மையத்துல பேப்பர் குடுத்து வாங்கிப்பீங்க. இது அப்படி இல்ல. இங்க சதவீதம் கிடையாது, கிலோவாட் கணக்கு. 300 கிலோவாட் ஒதுக்கினா அந்த 300 மட்டும் நைபா விலை, மேல போறதெல்லாம் பழைய விலைதான். அதுவும் சப்ளை பகுதிக்கு மட்டும், கம்பி வழியா கொண்டு வர்ற டெலிவரி சார்ஜை உங்க ஏரியா கரண்ட் கம்பெனி நேஷனல் கிரிட் தனியா வாங்கிட்டுத்தான் இருக்கும். அதனால யாராவது பில்லு பாதியாயிடும்னு சொன்னா போன வருஷத்து 12 பில்லையும் எடுத்து சப்ளை எவ்வளவு டெலிவரி எவ்வளவுன்னு ரெண்டு வரிசையா எழுதிப் பாருங்க, டெலிவரி வரிசையை மூடிட்டு மிச்சத்துல கணக்கு போடுங்க. வறட்சி வருஷத்துல ஆத்துல தண்ணி குறைஞ்சா ஒதுக்கீட்டையே எல்லாருக்கும் விகிதப்படி குறைக்கலாம்னு கான்ட்ராக்ட்ல இருக்கும், அந்த குறைஞ்ச கரண்ட்டுக்கு மாத்து வேணும்னா அது உங்க செலவு.

சரி, வேலை எண்ணிக்கைக்கு வருவோம், விஷயமே இங்கதான் இருக்கு.

கான்ட்ராக்ட்ல அடிப்படை வேலை எண்ணிக்கைன்னு ஒரு நம்பர் இருக்கும், இருக்கிற ஆளு கூட்டல் நீங்க சேக்குறேன்னு சொன்ன ஆளு. புது ஆளை சேக்க பொதுவா சப்ளை ஆரம்பிச்சதுல இருந்து மூணு வருஷம் டைம் குடுப்பாங்க. அதுக்கப்புறம் மாசாமாசம் எத்தனை பேர்னு எழுதி வெச்சு வருஷக் கடைசியில சராசரி குடுக்கணும். அந்த சராசரி சொன்ன நம்பர்ல 90 சதவீதத்துக்கு கீழ போச்சுன்னா ஒதுக்கீட்டை குறைக்கிற அதிகாரம் அவங்களுக்கு வந்துடும். உங்க நம்பரை வெச்சே பாருங்க. 44 கூட்டல் 12, 56ன்னு எழுதினா 90 சதவீதம்ங்கிறது 50.4, அதாவது சராசரி 51 பேர் இருந்தாலே யாரும் உங்களை எதுவும் கேக்க முடியாது, அஞ்சு பேர் விட்டுட்டு போனாலும் தாங்கும். 70ன்னு எழுதினீங்கன்னா எல்லை 63. இப்போ நீங்க நல்லா பிசினஸ் பண்ணி 12க்கு பதிலா 18 பேரை எடுத்து 62 பேரா ஆயிட்டீங்கன்னு வெச்சுக்கோங்க, உங்க நிஜ திட்டமான 12ஐ விட ஆறு பேர் கூட எடுத்திருக்கீங்க, ஆனாலும் காகிதப்படி நீங்க வாக்கு தவறினவர். அதே 70க்கு நிஜத்துல 56 பேர் இருந்தா 80 சதவீதம், எவ்வளவு குறையுதோ அந்த 20 சதவீதம் வரைக்கும் வெட்டலாம், 300ல 60 கிலோவாட், அதை பக்கத்து ஐம்பதுக்கு சரிபண்ணி 50ன்னு எடுப்பாங்க. மெஷின் அங்கயே ஓடிட்டு இருக்கும், அந்த 50 கிலோவாட்டுக்கு பழைய விலை குடுத்துட்டு இருப்பீங்க.

அப்போ குறைச்சு எழுதினா கிடைக்காம போயிடுமான்னு கேப்பீங்க. அவங்க பாக்குறது வெறும் தலை எண்ணிக்கை இல்ல, ஒரு மெகாவாட்டுக்கு எத்தனை வேலை, ஒரு மெகாவாட்டுக்கு எவ்வளவு முதலீடு, முன்னாடி ஒதுக்கினவங்களோட சராசரிக்கு பக்கத்துல அது எப்படி நிக்குது, சம்பளம் என்ன, கரண்ட் உங்க செலவுல எவ்வளவு பெரிய பங்கு, இது கிடைக்கலன்னா நீங்க மூடுவீங்களா இல்ல வேற மாநிலத்துக்கு போவீங்களா, இதெல்லாம் சேர்த்துதான். 300 கிலோவாட்டுக்கு 12 வேலைங்கிறது மெகாவாட்டுக்கு 40. அது வெக்கப்படுற நம்பர் இல்லவே இல்ல. ஒரு பக்கம் இருக்கிற ஆளுங்க எப்படின்னா, பிட்காயின் மைனிங் ஷெட் ஒண்ணு மெகாவாட் மெகாவாட்டா குடிச்சுட்டு அதுல ரெண்டு மூணு பேர் வேலை பாப்பாங்க. வடக்குல பிளாட்ஸ்பர்க்னு ஊரு, அங்க நகராட்சி மின்சாரத்துக்கு நைபா தண்ணி கரண்ட் சல்லிசா கிடைக்கும், அதை மோப்பம் பிடிச்சு மைனர்ங்க வந்து இறங்கி, குளிர்காலத்துல ஊரோட கோட்டா தாண்டி வெளி மார்க்கெட்ல வாங்க வேண்டியதாகி வீட்டு பில்லெல்லாம் எகிறிடுச்சு, 2018 மார்ச்ல புதுசா மைனிங் வரக்கூடாதுன்னு 18 மாசம் தடை போட்டாங்க. அதுக்கப்புறம் வேலைக் கணக்கு பாக்காம யாரு சும்மா குடுப்பா. உங்க மாதிரி மோல்டிங் யூனிட்டை இவங்களுக்கு பிடிக்கும், அதனால நம்பரை ஊதி காட்டணும்னு அவசியமே இல்ல.

யாரை ஆளுன்னு எண்ணுவாங்கங்கிறதையும் கவனிங்க, இந்த நயாகரா கான்ட்ராக்ட்கள்ல வழக்கமா வர்ற வரிகள் இப்படி. வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு குறைஞ்சா அது முழு ஆளு இல்ல. ஆனா தலா 20 மணியாவது வேலை பாக்குற ரெண்டு பேரை சேர்த்து ஒரு ஆளா எண்ணலாம். 18 மணி நேரம் வர்ற காலேஜ் பையன் நாலு பேர் இருந்தாலும் பூஜ்யம், அவங்க ஷிப்டை 20 ஆக்கினா ரெண்டு. ஏஜென்சி மூலமா வர்ற ஆளு உங்க யூனிட்லயே முழு நேரம் நின்னு வேலை பாத்தா அதையும் எண்ணலாம், இது நெறைய பேருக்கு தெரியாம பேரோல்ல இருக்கிற ஆளை மட்டும் போட்டு குறைச்சு காட்டிட்டு இருக்காங்க. ஏஜென்சிகிட்ட மாசாமாசம் பேர், மணி நேரம் போட்டு ஷீட் வாங்கி ஃபைல் பண்ணிடுங்க, ஆடிட்னு வந்தா அதுதான் பேசும்.

சிரக்யூஸ் யூனிட் கதை இங்கதான் அடிபடுது. மாநிலத்துக்குள்ளயே உங்களோட இன்னொரு இடத்துல இருந்து ஆளை மாத்தி இங்க நம்பர் காட்டக்கூடாது, அது தெளிவா எழுதியிருக்கும். அங்க ஒரு வேலை போய் இங்க ஒரு வேலை வந்தா நியூயார்க்குக்கு என்ன லாபம்னு அவங்க கேள்வி, நியாயம்தான். ஒரு விதிவிலக்கு உண்டு, அந்த யூனிட்ல நிஜமான பொருளாதார இல்ல நிர்வாக காரணத்துக்காக ஏற்கனவே லே ஆஃப் பண்ணின ஆளை இங்க எடுத்தா எண்ணலாம். ஆனா விண்ணப்பம் போட்ட மறுமாசம் அங்க லே ஆஃப், அதுக்கு அடுத்த மாசம் இங்க அதே 12 பேருன்னா அது எப்படி தெரியும்னு நான் சொல்லணுமா? சிரக்யூஸை மூடுறதா இருந்தா அதை விண்ணப்பத்துலயே சொல்லிடுங்க, மறைச்சு பின்னாடி மாட்டுறதை விட எவ்வளவோ மேல்.

யாரும் சொல்லாத ஒண்ணு. வேலை மட்டும் இல்ல, ஒதுக்கின கரண்ட்டை நீங்க நிஜமா இழுக்கணும், வருஷத்துல உச்சமா போன ஆறு மாச பில்லிங் டிமாண்டோட (பில்லுல போடுற உச்ச கிலோவாட்) சராசரி ஒதுக்கீட்டுல 90 சதவீதத்துக்கு கீழ இருந்தாலும் வெட்டலாம். மோல்டிங்ல இது எங்க கடிக்கும்னா, பழைய ஹைட்ராலிக் மெஷினை தூக்கிட்டு ஆல் எலக்ட்ரிக் மெஷின் போட்டா கரண்ட் கணிசமா குறையும். புது மெஷின் எந்த வகைன்னு முடிவாகாம மெஷின்காரன் குடுத்த பெயர்ப்பலகை கிலோவாட்டை அப்படியே கூட்டி 300ன்னு கேட்டுடாதீங்க, நிஜமா ஓடுறப்போ 220தான் போகும்னா 220 கேளுங்க. சொன்ன முதலீட்டு தொகைக்கும் இதே மாதிரி கணக்கு பாப்பாங்க. ரீசார்ஜ்ல அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது எனர்ஜி ஆடிட் பண்ணணும்னு வேற இருக்கு.

நடைமுறை சுருக்கமா சொல்லிடுறேன். ரீசார்ஜுக்கு மாநிலத்தோட பொது நிதி விண்ணப்பம் ஒண்ணு ஆன்லைன்ல இருக்கு, அது வழியாத்தான் போடணும், ஒரு ஒதுக்கீட்டு வாரியம் பாத்து சிபாரிசு பண்ணி நைபாவோட நிர்வாகக் குழுவான டிரஸ்டிங்க முடிவெடுப்பாங்க. நயாகரா கரண்ட்டுக்கு நைபாவோட பஃபலோ பக்கத்து ஆளுங்ககிட்ட முதல்ல பேசுங்க, பேசுறதுக்கு காசு இல்ல. டிரஸ்டிங்க ஓகே சொன்னாலும் தண்ணி கரண்ட் கான்ட்ராக்ட்டுக்கு பொது விசாரணை, கவர்னர் ஒப்புதல்னு இருக்கு, அதனால மாசக்கணக்குல ஆகும்னு வெச்சுக்கோங்க. மெஷினுக்கு ஆர்டர் போட்டு அட்வான்ஸ் கட்டிட்டு அப்புறம் வந்து இது இல்லன்னா விரிவாக்கம் நடக்காதுன்னு சொன்னா உங்க வாதமே வலுவிழந்துடும், முதல்ல விண்ணப்பம், அப்புறம் ஆர்டர். நாளைக்கு கம்பெனியை வித்தா ஒதுக்கீடு தானா வாங்குறவருக்கு போயிடாது, நைபா சம்மதம் வேணும், அதனால விக்கிற யோசனை இருந்தா வக்கீல்கிட்ட இந்த வரியை காட்டிடுங்க.

மச்சானோட மோட்டலுக்கு ரீசார்ஜ் கிடையாது. ராத்தங்குற இடம், சில்லறை கடை, ஸ்டேடியம், சூதாட்டம், பொழுதுபோக்கு இதெல்லாம் சட்டத்துலயே வெளியில வெச்சிருக்கு. எத்தனை வேலை தர்றேன்னு எழுதினாலும் மாறாது. அவர் நேஷனல் கிரிட்ல எல்இடி, ஏசி மாத்துறதுக்கு குடுக்குற ரிபேட்டை கேக்கட்டும், அதுக்கு யாரையும் வேலைக்கு எடுக்க வேண்டாம்.