பால்பவுடர் டின் கேமரா: மேலே கறுப்பு, மீதி மங்கல்

தென்காசி பக்கம் புளியரை வயலை, பால்பவுடர் டின்னில் செய்த ஊசித்துளை கேமராவில் (லென்ஸுக்குப் பதில் சிறு துளை, உள்ளே போட்டோ தாள்) எடுத்தபோது தாளின் மேல் ஓரம் கறுத்து, மீதி மங்கலாக வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு நண்பரே.

கறுப்புக்கு அந்த பிளாஸ்டிக் மூடிதான் காரணமாக இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வெயில் அப்படியே ஊடுருவும். மூடியின் இரண்டு பக்கமும் கறுப்பு பெயின்ட் அடித்து, விளிம்பைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டுங்கள். உள்ளே டின் பளபளத்தால் அதற்கும் மேட் கறுப்பு. பிறகு புதுத் தாள் போட்டு, துளையை அடைத்தபடியே 5 நிமிடம் வெயிலில் வைத்துத் தாளை டெவலப்பரில் கழுவுங்கள். வெள்ளையாக வந்தால் சரி.

மங்கலுக்குக் காரணம் துளை. தையல் ஊசியை முழுசாக இறக்கிவிட்டீர்கள் போல. தாளுக்கும் துளைக்கும் 10 செ.மீ. என்றால் 0.4 மி.மீ. போதும். குளிர்பான கேன் தகட்டில் ஊசி முனையை மட்டும் அழுத்தி, பின்பக்கம் எழும் பிசிறை நைஸ் உப்புத்தாளால் தேயுங்கள்; மறுபடி முனையை வைத்து லேசாகத் திருகுங்கள். அளவு தெரிய, ஸ்கேலோடு சேர்த்து மொபைலில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் நாலு தகட்டை வீணாக்கிய பிறகுதான் ஒன்று உருப்படியானது.

துளை சிறுத்தால் நேரம் கூடும்: நல்ல வெயிலில் சுமார் 1 நிமிடம், சாரல் மேகத்தில் 6, 7 நிமிடம் வைத்துப் பாருங்கள். நம் பக்கக் கணவாய்க் காற்று டின்னை ஆட்டிவிடும். மேலே ஒரு செங்கல் வையுங்கள்.