வெற்றி விகிதம் குறைந்தவர் தரவரிசையில் மேலே இருப்பது எப்படி?

கேள்வி: ஒரு டென்னிஸ் வீரர் ஆடியதில் 60% வென்றிருக்கிறார், இன்னொருவர் 52%தான். ஆனால் தரவரிசையில் இரண்டாமவர் மேலே இருக்கிறார். எந்த எண்ணை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். ஆனால் இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. வெற்றி விகிதம் பெரும்பாலும் முழு ஆட்ட வாழ்க்கைக்குமான கணக்கு. தரவரிசை கடைசி 52 வாரங்களை மட்டுமே பார்க்கிறது, அதிலும் எந்தப் போட்டியில் வென்றார் என்பதற்குத்தான் எடை அதிகம். ஆண்கள் டென்னிஸை நடத்தும் அமைப்பு ஏடிபி. அதன் சிறிய போட்டி வகையான ஏடிபி 250 ஒன்றில் ஐந்து ஆட்டங்களையும் வென்று பட்டம் வாங்கினால் 250 தரவரிசைப் புள்ளி. விம்பிள்டன் போன்ற பெரிய கிராண்ட்ஸ்லாம் போட்டியில் நான்கு வென்று காலிறுதியில் தோற்றாலே 400. முன்னவருக்கு வெற்றி விகிதம் 100%, பின்னவருக்கு 80%. புள்ளி யாருக்கு அதிகம் என்று பார்த்தீர்களா?

அப்புறம், அந்தக் கணக்கில் எந்த ஆட்டங்கள் சேர்ந்திருக்கின்றன என்றும் பாருங்கள். ஏடிபியின் வெற்றி–தோல்விக் கணக்கில் சேலஞ்சர் எனப்படும் கீழ்நிலைப் போட்டிகளின் ஆட்டங்களும், முதன்மைச் சுற்றுக்கு முந்தைய தகுதிச் சுற்றுகளும் சேராது. எதிராளி களமிறங்காமலேயே விலகினால் அது வெற்றியாக ஏறாது. பாதி ஆட்டத்தில் காயத்தால் விலகினால், விலகியவருக்குத் தோல்வி.

ஆடுகளத்தைப் பிரித்துப் பார்க்காமல் யாரையும் எடைபோட வேண்டாம். ஸ்பெயின் வீரர் நடாலின் மொத்தக் கணக்கு 1080 வெற்றி, 228 தோல்வி. பிரெஞ்சு ஓபன் களிமண்ணில் மட்டும் 112 வெற்றி, 4 தோல்வி! விம்பிள்டன் புல்தரையில் 58–12. அதுவும் அருமையான கணக்குதான், ஆனால் களிமண் நடால் வேறு ஆள்.

எனக்கு மிகவும் பிடித்த எண், ஆட்டத்துக்குள் வென்ற புள்ளிகளின் விகிதம் (தரவரிசைப் புள்ளி அல்ல). ஃபெடரர் 1526 ஒற்றையர் ஆட்டங்களில் 1251 வென்றவர், அதாவது சுமார் 82%. ஆனால் ஆடிய புள்ளிகளில் அவர் வென்றது 54% மட்டுமே. பாதியைவிட நூற்றுக்கு நாலு புள்ளி கூடுதலாக எடுப்பதில்தான் இவ்வளவு பெரிய வித்தியாசம் வருகிறது. எப்போது எடுக்கிறோம் என்பதும் முக்கியம். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் 218 புள்ளி வென்றார், ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. அவர் எடுத்த மூன்று செட்டுமே டை-பிரேக்கில், அதாவது செட் சமநிலையில் நிற்கும்போது ஆடும் முடிவுச் சுற்றில், வந்தவை.

சரி, உங்கள் இருவரை எப்படி ஒப்பிடுவது? கடைசி 52 வாரக் கணக்கை ஆடுகளம் வாரியாக எடுங்கள். ஏஸ் (எதிராளி தொடவே முடியாத செர்வ்) எண்ணிக்கையில் மயங்காமல், முதல் செர்வ் தவறினால் போடும் இரண்டாவது செர்விலும் எதிராளியின் செர்விலும் யார் அதிக விகிதத்தில் புள்ளி வெல்கிறார் என்று பாருங்கள். அந்த இரண்டிலும் முந்துபவர் மீதுதான் நான் நம்பிக்கை வைப்பேன்.