கிரைண்டரைத் தூக்கிப் பார்த்தீர்களா?

(வீட்டுப் பூச்சிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை பதில் எழுதுகிறார்.)

டீச்சர், தோட்டத்து மட்டி வாழைக் குலையை அடுக்களையில் தொங்கவிட்டிருக்கிறோம். நாலு காய் பழுத்ததும் குட்டி ஈக்கள் மொய்க்க ஆரம்பித்துவிட்டன. கற்பூரம் ஏற்றினேன், வேப்பிலைப் புகை போட்டேன். மறுநாள் மறுபடியும் வந்துவிடுகின்றன. எங்கிருந்துதான் வருகின்றன?
– வாசகி, நாகர்கோவில்

புகை போட்டால் சிறிது நேரம் ஜன்னல் பக்கம் ஒதுங்கியிருக்கும். புகை அடங்கியதும் குலைக்கே திரும்பும். இந்தப் பழ ஈயோடு எனக்கு முப்பது வருடப் பழக்கம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மரபியல் பாடத்துக்காகச் சோறு போட்டு வளர்த்தவள் நான்.

அந்தச் சோறு என்ன தெரியுமா? ரவை, வெல்லம், தண்ணீர், கடற்பாசியிலிருந்து எடுக்கிற அகர். இவற்றை அடுப்பில் வைத்துக் கிண்டி, பூஞ்சணம் பிடிக்காமலிருக்க ஓர் அமிலத்தைச் சில சொட்டு விட்டு, புட்டியில் ஊற்றி ஆறவைத்து, மேலே புளிக்கவைக்கிற நுண்ணுயிரான ஈஸ்ட் தெளிப்போம். நெய்யும் முந்திரியும் போட்டால் கேசரிதான். கிண்டுகிற நாளில் தாழ்வாரமெல்லாம் மணக்கும்; முதலாமாண்டுப் பிள்ளைகள் ஏதோ விசேஷம் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

ரவையும் வெல்லமும் சும்மா பக்கவாத்தியம். ஈக்கு முக்கியம் ஈஸ்ட். உங்கள் குலையிலும் அதற்குப் பிடித்தது பழம் என்பதைவிடப் பழத்தின் மேல் புளிப்பேறுகிற இடம் என்று சொல்ல வேண்டும். பெண் ஈ காம்பு பிளந்த இடத்தையும் தோல் வெடித்த இடத்தையும் தேடி முட்டையிடும். முட்டை அரை மில்லிமீட்டர் நீளம்தான். ஒரு நாளில் பொரிந்து, நாலைந்து நாள் புழுவாகத் தின்று, இன்னும் நாலைந்து நாள் கூட்டுப்புழுவாகக் கிடந்து, பத்தாம் நாள் வாக்கில் ஈயாகப் பறக்கும். இருபத்தைந்து டிகிரி வெப்பத்தில் இதுதான் கணக்கு. ஒரு பெண் தன் வாழ்நாளில் நானூறு முட்டை வரை இடக்கூடும். எனவே இன்று பறக்கிறவற்றை விரட்டுவதைவிட, பத்து நாள் கழித்துப் பறக்கப் போகிறவற்றைக் கவனியுங்கள்.

பழுத்த சீப்பை அன்றே அறுத்து எடுத்துவிடுங்கள். காம்புப் பகுதியைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு மூடிய பாத்திரத்தில் வையுங்கள். மீதிக் குலையைப் பழைய வேட்டித் துணியால் சுற்றி மேலும் கீழும் கட்டிவிடலாம். தோலை மூடியில்லாத குப்பைக்கூடையில் இரவு முழுக்க விடக் கூடாது. அறுத்த தண்டிலிருந்து சாறு சொட்டிய தரையைத் துடைத்தீர்களா என்பதையும் பாருங்கள்.

டம்ளரில் வினிகர் ஊற்றிப் பொறி வைத்தேன். தினமும் காலையில் பார்த்தால் நிறைய விழுந்து கிடக்கின்றன. ஆனால் மூன்று வாரமாகியும் ஈ குறையவே இல்லையே?
– இல்லத்தரசி, திருச்சி

உங்கள் பொறியில் குறை இல்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். டம்ளரில் இரண்டு விரற்கடை ஆப்பிள் வினிகர், பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு. வாயைப் பிளாஸ்டிக் தாளால் இழுத்து மூடி, ரப்பர் பேண்ட் போட்டு, ஊசியால் நாலைந்து துளை. சோப்பு விடாவிட்டால் அந்தச் சின்ன உடம்பு நீர்ப்பரப்பின் மேலேயே நின்றுகொண்டு குடித்துவிட்டுப் போய்விடும். சோப்பு அந்தப் பரப்பைத் தளர்த்துவதால்தான் மூழ்குகிறது. வெள்ளை வினிகரில் பழ வாசனை இல்லை. அதை ஊற்றினால் கனிந்த வாழைப்பழத் துண்டு ஒன்றையும் மசித்துப் போடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. போன வருடம் ஆடியில் எனக்கும் இதே கதைதான் நடந்தது. ஆய்வுக்கூடப் பழக்கம் விடாததால் தினமும் டம்ளரில் விழுந்ததை எண்ணி, நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி வைப்பேன். 41, 38, 44, 40. என் வீட்டுக்காரர், “பழம் வாங்குவதையே நிறுத்திவிடலாமே” என்றார். நிறுத்தினோம். அடுத்த நாள் 43.

எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் விழுகிற அளவுக்குப் புதிதாகப் பிறக்கின்றன என்று பொருள். பிறக்கிற இடம் எது என்று தேடினேன். சிங்க் துளை மேல் செல்லோடேப்பை, காற்றுப் போக இடம்விட்டு, பசைப் பக்கம் கீழே இருக்கும்படி இரவில் ஒட்டிவைத்தேன். காலையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. வெங்காயக் கூடையைக் கொட்டினேன். உருளைக்கிழங்கு ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தேன். நனைந்த பிடிதுணி, துடைப்பத்தின் அடி, எதிலும் இல்லை.

கடைசியில் மாவரைக்கிற கிரைண்டரை இரண்டு பேர் பிடித்துச் சாய்த்தோம். அதன் ரப்பர் கால்களைச் சுற்றித் தோசைமாவு வழிந்து, மேலே காய்ந்து ஏடாகவும் அடியில் ஈரம் போகாமலும் கிடந்தது. புளித்த வாடை முகத்தில் அடித்தது. ஏட்டைக் கரண்டிக் காம்பால் நெம்பினால், உள்ளே அரிசிக் குருணைக்கு உயிர் வந்தாற்போல் நெளிகிறது. மேலே கால் ஓரத்தில் பழுப்புநிறக் கூடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. முப்பது வருடம் புட்டிக்குள் பார்த்த அதே காட்சி, ரவைக்குப் பதில் உளுந்து. வெட்கமாகத்தான் இருந்தது.

சுரண்டி, கொதிநீர் விட்டுத் தேய்த்து, காயவைத்தோம். மறுநாளே குறைந்துவிடவில்லை, மற்ற இடங்களுக்குப் போய் ஒட்டியிருந்த கூடுகளிலிருந்து சில வந்துகொண்டுதான் இருந்தன. ஆறாம் நாள் 17. பன்னிரண்டாம் நாள் 2. நீங்களும் கிரைண்டர், மிக்ஸி, பிரிட்ஜ் மூன்றையும் நகர்த்திப் பாருங்கள். மருந்து அடிக்காதீர்கள், சாப்பாடு இருக்கிற இடம்.

குளியலறைச் சுவரில் கறுப்பாக, ரோமத்தோடு, குட்டி அந்துப்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இதுவும் பழ ஈதானா?
– வாசகர், சென்னை

இல்லை. அது சாக்கடை ஈ. வடிகுழாயின் உள்சுவரில் படிகிற வழுவழுப்பில் வளர்வது. வினிகர் வைத்துப் பயனில்லை. குழாய்க்குள் தூரிகை விட்டுத் தேயுங்கள்.

மாம்பழம் வெளியே பளபளவென்று இருக்கிறது, அறுத்தால் புழு. வீட்டுக்குள் பறக்கிற பழ ஈதான் முட்டையிட்டுவிடுகிறதா?
– வாசகி, சேலம்

பாவம், இந்தப் பழி மட்டும் அதன்மேல் வேண்டாம். மாம்பழத்துக்குள் இருப்பது வேறோர் ஈயின் புழு. அது ஏறக்குறைய வீட்டு ஈ அளவு, உடம்பில் மஞ்சள் கோடுகள். காய் மரத்தில் இருக்கும்போதே தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். குத்தின இடம் ஊசிமுனை அளவு என்பதால் வாங்கும்போது தெரியாது. வீட்டுக்குள் பழத்தை எவ்வளவு மூடி வைத்தாலும் இதற்குப் பயனில்லை. தோப்புக்காரர்கள் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறியில் ஆண் ஈக்களைப் பிடிக்கிறார்கள். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி அழிக்கிறார்கள். புழு வைத்த பழத்தைக் கொல்லையில் எறியாதீர்கள். வளர்ந்த புழு வில்லாக வளைந்து துள்ளி மண்ணுக்குள் போய்க் கூடு கட்டும். உங்கள் வீட்டிலேயே மாமரம் இருந்தால் அடுத்த பழத்துக்கு அதுதான் விதை. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டு அப்புறம் குப்பையில் சேருங்கள்.

பழ ஈக்குக் கண் ஏன் சிவப்பு?
– ஏழாம் வகுப்பு மாணவன், தென்காசி

அதன் கண்ணில் இரண்டு சாயங்கள் இருக்கின்றன தம்பி. ஒன்று பழுப்பு, ஒன்று பளீர்ச் சிவப்பு. இரண்டும் சேர்ந்து செங்கல் நிறம். அந்தச் சாயச் சரக்கைக் கண்ணுக்குள் கொண்டுசேர்க்கிற ஒரு மரபணு பழுதானால் கண் வெளுத்துவிடும். 1910ஆம் ஆண்டு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் என்பவர் புட்டியில் வளர்த்த ஈக்களில் அப்படி ஓர் ஆண் ஈயைப் பார்த்தார். அதன் பேரப்பிள்ளைகள் வரை எண்ணிப் பார்த்து, மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் எதில் கண் நிறம் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினார். 1933இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அம்மாவிடம் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி, வாழைப்பழத்தில் உட்காரும்போது பார். வெள்ளைக் கண்ணோடு ஒன்று தென்பட்டால் டம்ளர் பொறியில் விழவிடாதே. புட்டியில் பிடித்து, கனிந்த பழம் ஒரு துண்டு போட்டு, பஞ்சால் அடைத்துவிட்டு எனக்கு உடனே எழுது.