அப்பாவுக்கு ஈசினோபில் 18 சதவீதம்: பதில்

தம்பி, மன்னார்குடிப் பக்கம் சேற்றில் வெறுங்காலோடு நடவு பார்க்கிற அப்பாவுக்கு ரத்த வெள்ளணுக்களில் ஈசினோபில் என்ற வகை 18 சதவீதம், ரத்தப் புற்றுநோயா என்று கேட்டிருக்கீங்க. நம்ம டெல்டாவில் முதல் சந்தேகம், வெறுங்கால் வழியாகவும் உடம்புக்குள் புகுகிற ஒட்டுண்ணிப் புழு மேல்தான். பாக்டீரியாவை விழுங்குவதுபோல் ஒரு வெள்ளணுவால் புழுவை விழுங்க முடியாது. அதற்கு முன்னால் புழு ஒரு மலை. அதனால் நோய் எதிர்ப்புப் படையை ஏவுகிற உதவி டி செல்கள் ஐஎல்-5 என்ற சமிக்ஞையை அனுப்ப, எலும்பு மஜ்ஜை ஈசினோபில்களைப் பெருக்குகிறது. எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பூசிய புழுவின்மேல் அவை ஒட்டிக்கொண்டு நச்சுப் புரதங்களைக் கொட்டும். புழுவும் லேசுப்பட்டதில்லை, படைக்குப் பிரேக் போடுகிற ஒழுங்குபடுத்தும் டி செல்களைத் தூண்டி நம் படையையே அடக்கிவைக்கும்.

மலப் பரிசோதனையை ஒரு தடவையோடு விடாதீங்க. யானைக்கால் புழுவின் குஞ்சுகளை ரத்தத்தில் நுண்ணோக்கியில் தேட, வழக்கமா இரவு 10 மணிக்கு மேல் ரத்தம் எடுக்கணும் (கும்பகோணத்துக்காரங்களுக்கு இது பழைய கதை). எது செய்தாலும், மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு வாங்கிப் போட்டுடாதீங்க, அது எதிர்ப்பு சக்தியை அடக்கும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடல்புழு உள்ளே இருந்தால் உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகும்.